ஸ்டவ் பார்க்கப் போகுமுன் சட்டியை அளந்தீர்களா?

18 ஜனவரி 2025, பீனிக்ஸிலிருந்து (தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் ஒரு பகுதி) ஒரு வாசகி கேட்டது:

பழைய வீடு வாங்கிச் சமையலறையை இடித்துக் கட்டுகிறோம். அறை 3.4 மீட்டருக்கு 2.6. எனக்கு 90 செ.மீ. அகலத்தில் ஐந்து பர்னர் ஸ்டவ் மேல் ஆசை. வீட்டுக்காரர், சோலார்தான் போட்டாச்சே, இண்டக்ஷன் போதும் என்கிறார். மாமியார், நெருப்பு இல்லாத அடுப்பு ஒரு அடுப்பா என்கிறார். ஓவனைக் கீழே வைப்பதா, சுவரில் கண் உயரத்துக்கு ஏற்றுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

19 ஜனவரி, காலை

அனுபவப்பட்டவள் இல்லை, அடிபட்டவள். அதே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சமையலறையை 2019-இல் ஒரு தடவை மாற்றினோம், 2022-இல் அதையே இன்னொரு தடவை மாற்றினோம். இரண்டாவது செலவுக்கு முழுக் காரணம் நான்தான்.

கடையில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கதவைத் திறந்து மூடினேன், குமிழைத் திருகினேன், விலைச்சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். வீட்டில் இருக்கும் சட்டி ஞாபகத்துக்கே வரவில்லை. மேலே கண்ணாடி வைத்த மின்சார ஹாப் (மேடையில் பதிக்கும் அடுப்பு), சுவரில் என் கண் உயரத்துக்கு ஒரு ஓவன். பத்திரிகைப் படம் மாதிரியே இருந்தது.

அந்த வருஷம் அத்தைக்கு (என் மாமியார்) எழுபதாவது பிறந்தநாள். இருபது பேருக்குப் பிரியாணி. ஊரிலிருந்து (தமிழ்நாட்டிலிருந்து) படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: டர்பன் பிரியாணியில் முழு மைசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் சேரும். எங்கள் வீட்டில் அதை அடுக்கடுக்காகப் போட்டு, கடைசியில் சட்டியோடு ஓவனுக்குள் தள்ளித்தான் தம் போடுவோம். அத்தையின் அலுமினியச் சட்டிக்கு வாய் 34 செ.மீ., இரண்டு பக்கமும் காது ஐந்தைந்து, ஆக 44. ஓவனுக்குள் அகலம் 45. அகலத்தில் பிழைத்தோம், உயரத்தில் மாட்டினோம்: மூடிக் குமிழ் மேலே கிரில் கம்பியில் இடித்தது. மூடியைக் கழற்றிவிட்டு ஃபாயிலைச் சுற்றினேன். அப்புறம் அந்தச் சட்டியை யார் தூக்குவது? அத்தை 150 செ.மீ. உயரம். கொதிக்கிற பதினைந்து கிலோவை நெஞ்சுக்கு மேலே தூக்கி உள்ளே செருக வேண்டும், ஒரு மணி நேரம் கழித்து அதையே இன்னும் சூடாக வெளியே இழுக்க வேண்டும். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார்கள். பிறந்தநாள்காரி மூலையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அதனால் என் பதில் இவ்வளவுதான்: முதலில் டேப்பை எடுங்கள். உங்கள் பெரிய சட்டி காதோடும் மூடியோடும் எவ்வளவு, பெரிய தட்டு எவ்வளவு, வீட்டில் சமைப்பவர்களில் குட்டையானவருக்கு முழங்கை எந்த உயரத்தில். இந்த மூன்று எண்ணையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பாதி ஸ்டவ்கள் தானாகக் கழிந்துவிடும்.

19 ஜனவரி, இரவு

விட்டுப்போனது: கடைச்சீட்டில் 60 செ.மீ. என்று இருப்பது ஓவனின் வெளி அகலம். உள்ளே 45 பக்கம்தான் கிடைக்கும். லிட்டர் கணக்கையும் நம்பாதீர்கள். 70 லிட்டர் என்பது வெறும் பெட்டிக்கு. நாம் தட்டுக் கம்பி போட்டு, மேல் கம்பிக்கு இடம் விட்டு வைக்கிறோம். சட்டியைக் காரில் போட்டுக் கடைக்கே எடுத்துப் போங்கள். நான் 2022-இல் எடுத்துப் போனேன். விற்பனைப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

22 ஜனவரி

ஒருவர் கேட்கிறார்: “ஏன் ஓவன் என்று எழுதுகிறீர்கள்? தமிழ்நாட்டில் அவன் என்றல்லவா எழுதுகிறார்கள்?” எழுதலாம்தான். “அவன் சூடாகப் பதினைந்து நிமிஷம் ஆகும், அதற்குள் மாவைத் தயார் செய்யுங்கள்” என்று எழுதினால் என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். ஓவன்தான்.

23 ஜனவரி

மின்சாரக் கணக்கு. பீனிக்ஸ் அக்காவின் வீட்டுக்காரர் இதைப் படிக்கட்டும்.

எங்கள் வீட்டுக்கு வரும் இணைப்பு 60 ஆம்பியர். 230 வோல்ட்டில் பெருக்கினால் 13.8 கிலோவாட். எங்கள் பழைய கண்ணாடி ஹாப்பின் நான்கு வளையமும் சேர்ந்தால் 6.5, ஓவன் 2.8, கீசர் 3, கெட்டில் 2.2. கூட்டுங்கள்: 14.5. ஞாயிறு மதியம் எல்லாம் ஒன்றாக ஓடும்போது யாராவது தேநீர் போடக் கெட்டிலைத் தட்டினால் டக்கென்று வீடே இருட்டு. (எப்போதும் தொடர்ந்து முழுச் சக்தி இழுக்காது, வளையங்கள் அணைந்து அணைந்து எரியும். அதனால் தினமும் நடக்காது. விருந்தாளி வரும் அன்று நடக்கும்.) உங்கள் வீடு 40 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தமே 9.2 கிலோவாட். அதில் 7.2 கிலோவாட் இண்டக்ஷன் ஹாப்பை வைத்துவிட்டு ஓவனையும் போட நினைக்காதீர்கள். முதலில் டிபி போர்டை (வீட்டின் பிரேக்கர் பெட்டி) திறந்து மெயின் பிரேக்கரில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

சோலார்: எங்கள் தெருவில் இன்வெர்ட்டர் போட்ட வீடுகள் பெரும்பாலும் 5 கிலோவாட்தான். எலெக்ட்ரீஷியன்கள் ஸ்டவ்வையும் கீசரையும் இன்வெர்ட்டர் பக்கம் சேர்ப்பதே இல்லை, அது நியாயம்தான். உச்சி வெயிலில் இண்டக்ஷன் சும்மா ஓடும். ராத்திரிச் சமையலை 5 யூனிட் பேட்டரியில் செய்தால், ஒரு வளையம் 2 கிலோவாட்டில் ஒரு மணி நேரம் ஓடினாலே ஏறக்குறைய பாதி காலி. அப்புறம் விளக்கும் வைஃபையும் எதில் ஓடும்?

இன்னொன்று, காந்தத்தை எடுத்துச் சட்டிகளின் அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாதது இண்டக்ஷனில் சூடாகாது. என் வீட்டில் பதினேழு பாத்திரங்களில் ஒட்டியது நான்கு, அதில் ஒன்று இரும்புத் தோசைக்கல். மற்றவை அலுமினியம், பாதி அத்தையின் கல்யாணச் சீர். தூக்கிப் போடச் சொல்லிப் பாருங்கள் பார்ப்போம்.

24 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்தால் நான் இண்டக்ஷனுக்கு எதிரி மாதிரி இருக்கிறது. இல்லை. வெப்பத்தில் 85 சதவீதம் பக்கம் சட்டிக்குப் போய்ச் சேரும். கேஸில் 40 சதவீதம் சேர்ந்தால் பெரிது, மிச்சம் நம் முகத்துக்கு. டர்பன் பிப்ரவரியில் இது சின்ன விஷயம் இல்லை. பால் பொங்கினால் ஒரு துடைப்பில் போய்விடும். நாங்களே 2 கிலோவாட் ஒற்றை இண்டக்ஷன் ஒன்றை மேடையில் வைத்திருக்கிறோம், காலைத் தேநீர் அதில்தான்.

ஆனால் கத்திரிக்காய் சுடுவதையும் அப்பளம் வாட்டுவதையும் ரொட்டியைக் கடைசியில் தீயில் புரட்டி உப்ப வைப்பதையும் அது எப்படிச் செய்யும்? மாமியார்கள் சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

1 பிப்ரவரி

பாருங்கள், நேற்றுச் சாயங்காலம் மறுபடி லோட் ஷெடிங் (முறை வைத்து வரும் மின்வெட்டு). போன மார்ச் கடைசியில் நின்றது, பத்து மாதம் கழித்து வந்திருக்கிறது. இனி இல்லை என்று இங்கேயே ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார், பெயர் சொல்ல மாட்டேன்.

நாங்கள் 2022-இல் கேஸுக்கு மாறியதே இதனால். அதற்கடுத்த 2023 இன்னும் மோசம், மின்வெட்டு இல்லாத நாளைத்தான் எண்ண வேண்டியிருந்தது. நாலரை மணிக்குச் சோறு வைத்து ஏழரைக்கு ஆறிப்போனதைச் சாப்பிட்ட காலம் அது. கேஸ் ஹாப்பின் பொறி மட்டும் மின்சாரம், தீக்குச்சி போதும். ஆனால் கேஸ் ஓவன் வாங்குபவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சில மாடல்களில் ஓவனுக்கு மின்சாரக் கட்டுப்பாடு உண்டு, கரண்ட் இல்லாமல் பற்றவே பற்றாது.

சிலிண்டர்க் கணக்கு: ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 13 யூனிட் வெப்பம். 3.5 கிலோவாட் பெரிய பர்னரை முழுத் தீயில் வைத்தால் மணிக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. 9 கிலோ சிலிண்டர் முப்பது மணி நேரத்துக்கு மேல் வரும். நாங்கள் ஐந்து பேர், மூன்று வேளையும் சமையல், இரண்டு 19 கிலோ சிலிண்டர் வெளியே. ஒன்று தீர்ந்தால் மற்றதற்குத் திருப்பிக்கொள்ளலாம். ஐந்து பர்னரையும் ஒரே 9 கிலோவில் ஓட்டினால் சிலிண்டர் வியர்த்துக் குளிர்ந்து தீ சுருங்கும். உள்ளே திரவம் ஆவியாகும் வேகம் போதாது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நானே ஒரு முறை கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். தீரவில்லை.

3 பிப்ரவரி

கேட்டிருந்தீர்கள், கேஸ் பொருத்த இங்கே சட்டம் என்ன? பதிவு பெற்ற இன்ஸ்டாலர் பொருத்தி, சான்றிதழ் கொடுக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு அழுத்தக் கருவி விதிகளில் இருக்கிறது. வீட்டை விற்கும்போது அந்தச் சான்றிதழ் இல்லாமல் நகராது. மச்சினர் பொருத்திக் கொடுப்பார் என்று ஆரம்பிக்காதீர்கள். எங்களுக்கு வந்தவர் முதலில் எடுத்தது டேப்தான் (அவரை உடனே பிடித்துப்போனது): சிலிண்டரிலிருந்து கதவு ஜன்னலுக்கு 1 மீட்டர், சாக்கடை வாய்க்கு 2 மீட்டர். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடிப் போகும். எங்கள் வீட்டுப் பின்சுவரில் அந்த அளவுக்குப் பொருந்திய ஒரே இடம் அத்தையின் கறிவேப்பிலை மரம் நின்ற இடம். அந்தப் பேச்சுவார்த்தையைத் தனியாக எழுத வேண்டும்.

6 பிப்ரவரி

கறிவேப்பிலை மரம் பிழைத்தது. எல்லாரும் அதைத்தான் கேட்கிறீர்கள். குழாயை ஒன்றரை மீட்டர் நீட்டினோம்.

8 பிப்ரவரி

வாஸ்து. தவிர்க்கலாம் என்று பார்த்தேன், மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

அடுப்பு தென்கிழக்கு, அக்னி மூலை; சமைப்பவர் கிழக்கே பார்க்க வேண்டும். சரி. ஊரில் சூரியன் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கே சாய்ந்து போகும், தென்கிழக்கு மூலையில் காலை வெயில் விழும். இங்கே டர்பனில் சூரியன் கிழக்கில்தான் உதிக்கிறது, ஆனால் வடக்கு வழியாகப் போகிறது. காலை வெயில் விழுவது வடகிழக்கு மூலையில். அப்படியானால் அக்னி மூலையும் புரள வேண்டாமா? ஒரு பெரியவர் ஆம் என்றார், இன்னொருவர் பூமத்திய ரேகையை அக்னி பகவான் பார்ப்பதில்லை என்றார். அத்தையிடம் கேட்டேன். “அக்னி சிலிண்டர்லதானே இருக்கு, கொழாய் போட்டா எந்த மூலைக்கும் வரும்.”

நான் பார்ப்பது காற்றை. 2022-இல் ஹாப்பை ஜன்னலுக்குக் கீழே வைக்கத்தான் முதலில் திட்டம். இங்கே வடகிழக்குக் காற்று அடிக்க ஆரம்பித்தால் சின்ன பர்னர் தீ ஒரு பக்கமாகப் படுத்துவிடும், திரைச்சீலை வேறு. தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் வசதி எல்லா பர்னருக்கும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இருந்தாலும் ஜன்னலுக்குக் கீழே வேண்டாம்.

12 பிப்ரவரி

நேற்றுத் தைப்பூசம். காவடிக்கு வந்தவர்களுக்குச் சமைத்துச் சமைத்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன்.

வீட்டுக்குப் பின்னால் கராஜை ஒட்டி எங்களுக்கு ஒரு வெளியடுப்பு உண்டு. பல வீடுகளில் உண்டு, மீன் பொரிக்க, பெரிய சமையலுக்கு. இரும்புக் காலில் நிற்கும் பர்னர், தரையிலிருந்து முழங்கால் உயரம்தான். அதில் அத்தை ஐம்பது பேருக்குப் பருப்பும் பூசணியும் கிண்டினார், எழுபத்தைந்து வயதில், வலி என்று ஒரு வார்த்தை இல்லை. அதே அத்தை உள்ளே மேடையில் ஐந்து பேருக்குக் குழம்பு வைத்தால் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2022-க்கு முன் மேடை 90 செ.மீ. அதன் மேல் பர்னர்க் கம்பி 5. அதன் மேல் 26 செ.மீ. உயரச் சட்டி. சட்டி விளிம்பு 121-இல் நின்றது. அத்தையின் தோளே அவ்வளவு உயரம்தான்! உள்ளே என்ன வேகிறது என்று பார்க்கக்கூட எம்ப வேண்டியிருந்தது, கரண்டியைச் செங்குத்தாகப் பிடித்துக் கிண்ட வேண்டியிருந்தது. 90 என்பது காய் நறுக்க, அதுவும் என் மாதிரி 165 செ.மீ. ஆளுக்கு. மேடை உயரம் முழங்கையிலிருந்து பத்துப் பதினைந்து செ.மீ. கீழே என்பார்கள். அடுப்புக்கு அந்தக் கணக்கைச் சட்டி விளிம்பிலிருந்து போட வேண்டும், மேடையிலிருந்து இல்லை. 2022-இல் பாதிதான் புரிந்திருந்தது: ஹாப் இருக்கும் ஒரு மீட்டரை மட்டும் 80-க்கு இறக்கினோம். இன்னும் இறக்கியிருக்கலாம்.

அத்தை பிறந்தது மேகஸின் பேரக்ஸில். நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு, அறுபதுகளில் எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். அங்கே விறகும் பிரைமஸும் (மண்ணெண்ணெய் ஸ்டவ்), குந்தியோ முக்காலியிலோ உட்கார்ந்து சமையல். டர்பனின் கேட்டோ மேனரில் அவருடைய அத்தை ஒருவர் வீட்டில் டோவர் கரி அடுப்பு இருந்ததாம். மேலே குழம்பு, பக்கத்தில் ஓவனில் ரொட்டி. “அந்த அடுப்பு ஒசரம்தான் சரி” என்று இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையைக் காட்டுகிறார். அறுபது வருஷமாக அந்த அளவு அவர் கையில் இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

15 பிப்ரவரி

மேலே எழுதியதற்குத் திருத்தம், என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டபடி: அவர் 183 செ.மீ. ஞாயிறு ரொட்டி அவர் வேலை. 80 செ.மீ. ஹாப்பில் தட்டையான கல்லில் ரொட்டி புரட்டினால் அவருக்கு இடுப்பு போகிறது. குட்டையானவரை மட்டும் அளக்கச் சொன்னது தப்பு. யார் எதை அதிகம் சமைக்கிறார் என்று பாருங்கள். ஆழச் சட்டிக்குத் தாழ்வு, கல்லுக்கு உயர்வு. அவர் இப்போது ஒற்றை கேஸ் பர்னரை 90 மேடையில் வைத்துத் தனிக்கட்சி நடத்துகிறார்.

இறக்கிய மேடையில் இன்னொரு குறை: பக்கத்து உயர மேடையின் ஓரத்தில் எண்ணெய் தெறித்துப் படியும். மேடைக் கல்லை ஓரம்வரை இறக்கி ஒட்டச் சொல்லுங்கள், மரம் வெளியே தெரியக் கூடாது.

2 மார்ச்

லெனேசியா அக்கா என்னைத் திருத்தியிருக்கிறார். வேறு இடத்தில் நான், ஊறவைத்த சுகர் பீன்ஸ் சின்ன பர்னரில் ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும் என்று எழுதியிருந்தேன். “உங்க கடற்கரையில வேகும்” என்கிறார். சரிதான், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் 1,700 மீட்டர் உயரம், தண்ணீர் 95 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும், பருப்பும் பீன்ஸும் வேகத் தாமதம். அங்கே சின்ன பர்னர் நாளெல்லாம் எரியும், அல்லது குக்கர். குக்கர் நிற்கும் பர்னருக்கு நேர் மேலே அலமாரி வராமல் பாருங்கள், விசில் ஆவி பட்டு எங்கள் அலமாரிக் கதவு பலாப்பழம் மாதிரி வீங்கியது.

9 மார்ச்

கல் வெட்டிய கதை. 2022-இல் சமையலறை போட்டவர்கள் (பெயர் வேண்டாம்) ஹாப் வருவதற்கு முன்பே கிரானைட்டை வெட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். “எல்லா ஹாப்பும் ஒரே அளவுதான் மேடம்.” ஹாப் வந்தது. துளை ஒரு பக்கம் 2 செ.மீ. பெரிது. ஹாப் உள்ளே விழவில்லை, உட்காரவும் இல்லை, ஊஞ்சல் ஆடியது. பெரிதாக வெட்டிய கல்லைச் சின்னதாக்க முடியாது. புதுக் கல்லுக்கு யார் பணம் என்று ஆறு வாரம் இழுத்து, பாதிப் பாதி என்று முடிந்தது. அந்த ஆறு வாரமும் வெளியடுப்பில்தான் சமைத்தோம், மழையிலும்.

பொருள் வீட்டுக்குள் வந்து, பெட்டியைப் பிரித்து, கூட வரும் தாளில் இருக்கும் அளவைக் கல்காரர் கையில் கொடுத்த பிறகுதான் வெட்டு. அதற்கு முன் முன்பணம்கூட யோசித்துக் கொடுங்கள்.

10 மார்ச்

பீனிக்ஸ் அக்கா, உங்கள் அறைக்கு வருகிறேன், இவ்வளவு நாள் என் புராணமே பாடிவிட்டேன். 2.6 மீட்டர் அகலத்தில் இரண்டு பக்கமும் 60 செ.மீ. மேடை போட்டால் நடுவில் 1.4. ஓவன் கதவைக் கீழே திறந்தால் அது ஒரு அரை மீட்டரைத் தின்னும். மிச்சம் 90 செ.மீ. ஒருவர் நிற்கலாம், பின்னால் இன்னொருவர் சட்டியோடு கடக்க முடியாது. 3.4 சுவரில் 90 ஸ்டவ், இரண்டு பக்கமும் சூட்டுச் சட்டி இறக்கிவைக்க 40 விட்டால் 1.7 போயிற்று. ஃபிரிட்ஜை ஸ்டவ்வுக்கு ஒட்டி வைக்காதீர்கள், பாவம் அது. அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் முக்கோணம் மொத்தம் 4-லிருந்து 8 மீட்டருக்குள் என்று ஒரு கணக்கு உண்டு. 1940-களில் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் போட்டது. அது ஒரே ஆள் சமைக்கும் வீட்டுக்கான கணக்கு. உங்கள் வீட்டில் மாமியார், நீங்கள், விருந்து நாளில் இரண்டு நாத்தனார். முக்கோணத்தை விடுங்கள், யார் எங்கே நிற்பார் என்று தரையில் சாக்பீஸால் வரைந்து, நான்கு பேரையும் நிறுத்திப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

எக்ஸ்ட்ராக்டர் (ஊரில் சிம்னி): குழாய் சுவருக்கு வெளியே போக வேண்டும். கரி வடிகட்டி வழியாக அறைக்குள்ளேயே திருப்பி விடுகிற வகை தாளிப்புக்கு ஆகாது. கேஸ் எரிந்தால் ஈரப்பதமும் புகையும் சேரும், அதுவும் அறைக்குள்ளேயே சுற்றும். ஹாப்பிலிருந்து 65-லிருந்து 75 செ.மீ. உயரம், உங்கள் மாடலின் தாளைப் பாருங்கள். பொரிப்பதைப் பின் பர்னரில் பொரித்தால் புகை நன்றாகப் பிடிபடும்.

28 மார்ச்

எந்தக் கம்பெனி என்று கேட்பவர்களுக்கு: சொல்ல மாட்டேன். டர்பன்காரர்களுக்கு ஒரு பாசம் இருக்கும், டிஃபை என்ற ஸ்டவ் கம்பெனி 1905-இல் இந்த ஊரில் தொடங்கியது, ஜேக்கப்ஸில் தொழிற்சாலை, 2011-இல் துருக்கியின் ஆர்சலிக் வாங்கியது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் யாராவது அங்கே வேலை பார்த்திருப்பார்கள், அதனால் எங்கள் தெருவில் வேறு ஸ்டவ் வாங்கினால் காரணம் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது உதிரிபாகம் ஊரிலேயே கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் வருவாரா. ஐந்தாம் வருஷம் கதவு ரப்பர் போகும்.

20 ஆகஸ்ட்

நாலு மாதமாக யாரும் எழுதவில்லை. ஆடிக் கூழ் காய்ச்சினோம், வெளியடுப்பில்தான். புரட்டாசி வருகிறது, மறுபடி சைவத்துக்குப் பாத்திரம் மாற்றும் வேலை. புதுச் சமையலறை போடுபவர்கள் புரட்டாசிச் சட்டிகளுக்கு ஒரு தனி அலமாரியை இப்போதே ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் அது கட்டிலுக்கு அடியில்.

26 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. ஜனவரியில் எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

2022-இல் சுவர் ஓவனைக் கொழுந்தனாருக்குக் கொடுத்துவிட்டு, தாழ்வாக, மேடைக்கு அடியில் ஒரு ஓவன் வைத்தோம் என்றேன் அல்லவா? சொல்லவில்லையா? வைத்தோம். பிரியாணிக்கு அற்புதம். ஆனால் தீபாவளிக்கு இங்கே பிஸ்கெட், கேக், நான்கட்டாய் என்று பத்துப் பதினைந்து வீட்டுக்குத் தட்டு போக வேண்டும். இந்தத் தடவை எண்ணினேன், முப்பத்தெட்டு ஓவன் தட்டு. முப்பத்தெட்டு முறை உள்ளே வைக்க, நடுவில் திருப்ப, வெளியே எடுக்க. ஒவ்வொன்றுக்கும் குனிந்து, கதவுக்கு மேலாகக் கையை நீட்டி. இரண்டாம் நாள் என் முழங்கால் பேசியது. கண் உயர ஓவனைத் திட்டினேனே, அந்த இரண்டு நாளும் அதை நினைத்து ஏங்கினேன்.

ஆகவே: கனச் சட்டிக்குத் தாழ்வு நல்லது, தட்டுக்கு உயரம் நல்லது, இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரம் இருக்கிறது. ஓவனின் அடித்தட்டு 75 செ.மீ. பக்கம், அதாவது இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. பக்கத்திலேயே மேடை, தூக்காமல் நகர்த்தி வைக்கலாம். மேல் தட்டு நெஞ்சுக்குக் கீழே நிற்கும். கண் மட்டம் என்று யார் கண்டுபிடித்தார்கள்? ஓவனைப் பார்த்துக்கொண்டா இருக்கப் போகிறோம்? (பிஸ்கெட் என்றால் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். சரி.)

90 செ.மீ. ஓவன்: எதிர் வீட்டில் இருக்கிறது. காற்றாடி இரண்டு, பெரிய தட்டு, என் இரண்டு நாள் வேலையை அவர் ஒரே நாளில் முடித்தார். ஆனால் சாதாரண நாளில் ஒரு கேக்குக்கு அதைச் சூடாக்க மனம் வராமல், மேடை மேல் சின்ன ஓவன் ஒன்று தனியாக வாங்கியிருக்கிறார்.

புது ஓவன் வந்ததும் செய்ய வேண்டியது: தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கி 180 பாகையில் வைத்துப் பாருங்கள். எது முதலில் கருகுகிறதோ அதுதான் உங்கள் ஓவனின் கோபக்கார மூலை. என்னுடையது பின் இடது. காற்றாடி போட்டால் 20 பாகை குறையுங்கள், பழைய குறிப்புகள் எல்லாம் காற்றாடி இல்லாத காலத்தவை. கேஸ் ஓவனில் ஈரம் அதிகம், இறைச்சிக்கு நல்லது, பிஸ்கெட்டுக்கு மின்சாரமே. மேலே கேஸ், ஓவன் மின்சாரம் என்ற கலப்புதான் என் கட்சி. இதில் மட்டும் ஜனவரியிலிருந்து மாறவில்லை.

16 நவம்பர்

பீனிக்ஸ் அக்கா படம் அனுப்பியிருக்கிறார். 90 ஸ்டவ் ஆசையை விட்டுவிட்டார். 70 செ.மீ. ஹாப், நான்கு பர்னர் கேஸ், 82-க்கு இறக்கிய மேடை. பக்கத்திலேயே ஒற்றை இண்டக்ஷன், அது வீட்டுக்காரரின் மானத்துக்கு. ஓவன் தனியாக, அடித்தட்டு 74-இல், இடது பக்கம் ஒரு மீட்டர் வெற்று மேடை. மாமியார் சட்டியோடு நிற்கிறார், தோள் இறங்கியே இருக்கிறது. நான் சொன்னதில் ஒன்றைக் கேட்கவில்லை, குக்கருக்கு மேலே அலமாரி வைத்திருக்கிறார். பலாப்பழம், அக்கா, பலாப்பழம்.

படத்தைப் பெரிதாக்கி ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே காலி ஐஸ்கிரீம் டப்பாக்கள் மூன்று, மேலே ஒரு வடைச்சட்டி. குடி வந்து ஒன்பது நாள்தான் ஆகிறதாம்.